பட்டாம்பூச்சியில் பெண்ணினத்தை இனங்கண்ட வாலஸ்

ஆல்பிரட் ரசல் வாலஸ் என்றதும், டார்வினோடு பரிணாமக் கொள்கை கண்டவர் என்று பாடநூலில் படித்தது நினைவுக்கு வரும். ஆனால் பட்டாம்பூச்சிகளில் ஆண் எது, பெண் எது என்று பிரித்தறிய அவர் பட்ட பாட்டை நம்மில் பலர் அறியோம்.

1823 ஜனவரி 8இல் வேல்ஸ் நாட்டில், உஸ்க் என்ற ஊரருகே பிறந்தார். குடும்பம் நொடித்தது, பதினான்கு வயதில் பள்ளிப்படிப்பு நின்றது. கல்லூரி வாசலையே மிதியாதவர் அவர். (வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் என் போன்றோர் இதை இருமுறை படிக்கலாம்!) அண்ணனிடம் நில அளவை பயின்று, 1848இல் அமேசான் சென்றார். பூச்சிகளைச் சேகரித்து விற்றே பிழைப்பு நடத்தினார். 1852இல் திரும்புகையில் கப்பல் தீப்பற்றி, உடன் கொண்டுவந்த சேகரிப்பு அழிந்தது. பத்து நாள் படகில் தத்தளித்து உயிர் தப்பியவர், 1854இல் மீண்டும் மலேயத் தீவுகளுக்குப் புறப்பட்டுவிட்டார்!

எட்டாண்டுகளில் சேர்த்தவை 1,25,660 மாதிரிகள். சரவாக்கைச் சேர்ந்த அலி என்னும் இளைஞர் உற்ற துணையாக இருந்தார். பாச்சான் தீவின் காட்டில் முதல் நாளே வெள்ளையும் மஞ்சளும் புள்ளியிட்ட பெரிய கரும்பூச்சி ஒன்று எட்டாத உயரத்தில் பறந்தது. அது புதியதொரு இனத்தின் பெண் என்று ஊகித்தார். ஆண் சிக்கியது 1859 தொடக்கத்தில்தான். பொன்னும் செம்மஞ்சளுமாக மின்னியது. இரண்டும் ஓரினம் என்று பார்த்தவுடன் யார் சொல்வார்?

இதனினும் கடினமான புதிர் நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. ஆரம்பாக்கத்தில் கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளைச் சுற்றும் கரும்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். பின்னிறகில் வெண்புள்ளிகள் வரிசையாக நிற்கும். ஆண்கள் எல்லாம் ஒரே அச்சு. பெண்களோ மூவகை. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும் காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் என்னும் வேறு பூச்சிகளைப் போல வேடமிடும். ஆடுதின்னாப்பாளை வகைச் செடிகளைத் தின்று வளரும் அவ்விரண்டும் நஞ்சுள்ளவை, பறவைகள் தொடுவதில்லை.

முன்னோர் இவ்வடிவங்களுக்குத் தனித்தனி இனப்பெயர் சூட்டியிருந்தனர். இவை யாவும் ஓரினத்தின் பெண்களே என்று 1864 மார்ச்சில் லின்னேயன் சங்கத்தில் வாசித்த கட்டுரையில் வாலஸ் விளக்கினார். முட்டை சுமந்து மெல்லப் பறக்கும் பெண்ணுக்கே பாதுகாப்பு அதிகம் தேவை என்பது அவர் கருத்து. ஆகவே இறகின் நிறத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. வயிற்றின் நுனியைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு அங்கே பற்றுறுப்புகள் இருக்கும். அபூர்வமாக ஒருபாதி ஆணும் மறுபாதி பெண்ணுமான பூச்சிகளும் உண்டு. அத்தகையவற்றில் இடது வலது இரண்டையும் ஒப்பிட்டாலன்றி விளங்காது.

இத்தனை செய்தும் அவருக்கு நிலையான உத்தியோகம் வாய்க்கவில்லை. 1881இல்தான், டார்வினின் முயற்சியால், ஆண்டுக்கு 200 பவுன் அரசு உதவித்தொகை கிடைத்தது. 1913 நவம்பர் 7இல், தொண்ணூறு வயதில் மறைந்தார்.

ஏறத்தாழ அதே காலத்தில் ஃப்ரையர் என்பார் இலங்கையில் இப்பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, அவ்வடிவங்கள் மரபுவழி வருபவை என்று காட்டினார். 2014இல் நம் நாட்டு ஆய்வாளர் கிருஷ்ணமேக் குண்டேயும் உடனாய்வாளர்களும், அந்த வேடத்தை ஆள்வது 'டபிள்செக்ஸ்' என்ற ஒரே மரபணு என்று கண்டனர். பூச்சிகளில் ஆண் பெண் உடலமைப்பை வகுக்கும் மரபணுவும் அதுவே.