எண்ணாமலே எண்ணுவது எப்படி? மகலனோபிஸ் காட்டிய வழி

பௌர்ணமி இரவு, திருவண்ணாமலை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள். சென்னை, விழுப்புரம், வேலூர், புதுச்சேரி என நாலா பக்கமிருந்தும் சிறப்புப் பேருந்துகள். கார்த்திகை தீபம் என்றால் கேட்கவே வேண்டாம். ஊருக்குள் வரும் சாலைகளில் எல்லாம் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் முளைத்துவிடும்.

இங்கே எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி: மொத்தம் எத்தனை பேர் வந்தாங்க?

சும்மா தெரிஞ்சுக்க மட்டும் இல்லை. அடுத்த பௌர்ணமிக்கு எத்தனை பஸ், எத்தனை குடிநீர்த் தொட்டி, எத்தனை கழிப்பறை, எத்தனை மருத்துவ முகாம் என்று முடிவு செய்ய அந்த எண் வேண்டும். குறைத்துக் கணக்குப் போட்டால் நெரிசல். கூட்டிப் போட்டால், வேறு ஊருக்கு ஓட வேண்டிய பஸ் இங்கே காலியாக நிற்கும்.

இருக்கிற பணம், ஆள், நேரம் இவற்றுக்குள் சிறந்த முடிவை எடுப்பது எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கு செயல்முறைகள் ஆராய்ச்சி என்று பெயர். இன்ஜினீயரிங், எம்.பி.ஏ. படித்தவர்கள் ஒரு செமஸ்டர் முழுக்க மல்லுக்கட்டிய ஆபரேஷன்ஸ் ரிசர்ச்தான் இது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் பிரிட்டன் ராணுவத்துக்காக விஞ்ஞானிகள் செய்த வேலையிலிருந்து இந்தத் துறை பெயர் பெற்றது. 1947-ல் அமெரிக்கரான ஜார்ஜ் டான்சிக் கண்டுபிடித்த சிம்ப்ளெக்ஸ் முறை அதைத் தொழிற்சாலைகளுக்குள் கொண்டுபோனது.

ஆனால் அந்தப் பெயர் பரவுவதற்கு முன்பே, கொல்கத்தாவில் ஒருவர் இதே மாதிரி கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தார். பிரசாந்த சந்திர மகலனோபிஸ். போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் ஒற்றை வரி விடையாகத் தெரிந்த பெயர். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருந்த மனிதரின் கதை இது.

ரயிலைத் தவறவிட்ட மாணவர்

1893 ஜூன் 29 அன்று கொல்கத்தாவில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 1913-ல் இங்கிலாந்து போனார். லண்டனில் படிப்பதுதான் திட்டம். இடையில் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர், கிங்ஸ் கல்லூரியின் தேவாலய அழகில் மயங்கி, திரும்பும் ரயிலை விட்டுவிட்டார். அங்கேயே சேர்ந்து படிக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொல்ல, மறுநாளே விண்ணப்பித்தார். இடமும் கிடைத்தது.

அடுத்த ஆண்டு அதே ஊருக்கு நம்ம ஊர் ராமானுஜன் வந்து சேர்ந்தார். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். குளிரில் நடுங்கிய ராமானுஜனுக்கு, கட்டிலில் விரித்திருக்கும் கம்பளிகளுக்கு மேலே படுக்கக் கூடாது, உள்ளே நுழைந்துதான் படுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவர் மகலனோபிஸ்தான்.

ஒருநாள் ராமானுஜன் அடுப்பில் காய் கிளறிக்கொண்டிருந்தார். பத்திரிகையில் வந்த ஒரு புதிரை மகலனோபிஸ் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் 1, 2, 3 என்று வரிசையாக வீடுகள். ஒரு வீட்டுக்கு இடதுபக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலதுபக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். மொத்த வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அந்த வீட்டு எண் என்ன? விடை 204; மொத்தம் 288 வீடுகள். மகலனோபிஸ் எண்களைப் போட்டுப் போட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடித்திருந்தார். ராமானுஜனோ, கரண்டியை வைக்காமலே, இந்த மாதிரி எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் பொதுத் தீர்வைச் சொல்லிவிட்டார்.

இருவருக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது. மகலனோபிஸ் போட்டுப் பார்க்கும் ஆள். பின்னாளில் அவர் பெயர் வாங்கியதும் அந்தக் குணத்தால்தான்.

1915-ல் விடுமுறைக்கு ஊர் திரும்பும் நேரத்தில், கல்லூரி ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் இதழைக் காட்டினார். வந்த தொகுதிகளை மொத்தமாக வாங்கி, கப்பலிலேயே படிக்க ஆரம்பித்தார். ஊரில் இறங்கியபோது, பெயருக்கு இயற்பியல் ஆசிரியர், மனசெல்லாம் புள்ளியியல். 1931 டிசம்பரில், பிரசிடென்சி கல்லூரியில் அவர் அறையில் இயங்கிய சின்ன ஆய்வகத்திலிருந்து இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிறந்தது.

வெள்ளத்துக்கு என்ன காரணம்?

1922-ல் வடக்கு வங்காளத்தில் பெருவெள்ளம். தண்ணீரைத் தேக்கிவைக்கப் பெரிய செலவில் நீர்த்தேக்கங்கள் கட்டலாம் என்று நிபுணர் குழு யோசித்தது. மகலனோபிஸ் சுமார் 50 ஆண்டு மழைக் கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, அதனால் பயனில்லை, வந்த தண்ணீர் சீக்கிரம் வடிய வழி செய்யுங்கள் என்றார்.

1926-ல் ஒடிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம். ஆற்றுப் படுகை மேடாகிவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்பது பொறியாளர்களின் முடிவு. சுமார் 60 ஆண்டுத் தரவு வேறு கதை சொன்னது. படுகை உயரவே இல்லை. அப்படியானால் கரையை உயர்த்துவது, நோய் ஒன்று மருந்து வேறொன்று என்கிற கதைதான். மேல்பகுதியில் அணை கட்டுவதே வழி என்று அவர் காட்டினார். பல ஆண்டுகள் கழித்து மகாநதியில் எழுந்த ஹிராகுட் அணைக்கு அவருடைய கணக்குகளும் ஓர் அடிப்படை.

இரண்டு இடத்திலும் அவர் செய்தது ஒன்றுதான். பணத்தைக் கொட்டும் முன்பு, அந்தப் பணம் பிரச்சினையைத் தீர்க்குமா என்று தரவைக் கேட்டார்.

ஒரு ரூபாய்க்கு எவ்வளவு உண்மை?

1937-ல் அடுத்த சவால் வந்தது. வங்காளத்தில் சணல் எத்தனை ஏக்கரில் விளைகிறது?

நம்ம பக்கம் கிராமக் கணக்கு உண்டு. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று அன்றைய கர்ணம் எழுதினார், இன்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் எழுதுகிறார். ஜமீன்தாரி முறையில் இருந்த வங்காளத்தில் அப்படியொரு ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு வயலாகப் போய்ப் பார்ப்பது என்றால் செலவு தாங்காது. அதற்குள் அறுவடையும் முடிந்துவிடும்.

மகலனோபிஸ் மாதிரிக் கணக்கெடுப்பைக் கையில் எடுத்தார். வரைபடத்தில் குலுக்கல் முறையில் சில இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் அளந்து, மொத்தத்தை மதிப்பிடுவது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்ம வீட்டில் செய்வதுதான். ஆனால் எத்தனை சோறு எடுக்கணும், பானையில் எந்த இடத்திலிருந்து எடுக்கணும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இதைக் கிரிவலத்துக்குப் பொருத்திப் பாருங்க. உங்களிடம் 20 பேர் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்தினால், அந்த இடத்துக் கணக்கு துல்லியமாக வரும். ஆனால் பாதி வழியில் சேர்ந்தவர்களும் விலகியவர்களும் விட்டுப்போவார்கள். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு இடங்களில் பிரித்து நிறுத்தினால், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று பேர்தான். விடிய விடிய எண்ணச் சொன்னால் களைப்பில் தப்பு வரும். ஒவ்வொரு மணி நேரத்திலும் குலுக்கி எடுத்த 10 நிமிடம் மட்டும் எண்ணி, ஆறால் பெருக்கலாமா? இதில் எந்தக் கலவையில் தப்பு குறைவு?

மகலனோபிஸ் கேட்டதும் இதைத்தான். கணக்கெடுப்பாளர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடக்க எவ்வளவு நேரம், வயலை அளக்க எவ்வளவு நேரம், அலுவலகத்தில் கூட்டிப் பெருக்க எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் குறித்துவைத்தார். பெரிய துண்டுகள் கொஞ்சமா, சின்னத் துண்டுகள் நிறையவா? செலவை ஒரு சமன்பாடாக எழுதினார், பிழையை இன்னொரு சமன்பாடாக எழுதினார். குறிப்பிட்ட செலவுக்குள் பிழையை மிகக் குறைவாக்குவது எது என்று தீர்த்தார். இன்று தொழிற்சாலையில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயர் செய்யும் ஆப்டிமைசேஷன் கணக்கின் அதே வடிவம்.

இதில் ஒரு முக்கியமான விதி உண்டு. பிழையைப் பாதியாக்க, மாதிரியை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆக்கணும். அதனால் ஓர் எல்லைக்கு மேல் ஆளைக் கூட்டிக்கொண்டே போவது காசுக்குக் கேடு.

பெரிய கணக்கெடுப்புக்கு முன்பு சின்னதாக ஒன்று நடத்திப் பார்ப்பது, ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனிக் குழுக்களை அனுப்பி இரு விடைகளையும் ஒப்பிடுவது ஆகியவற்றையும் அவர் முறையாக்கினார். இரண்டு விடைகளும் ரொம்ப விலகினால் எங்கோ கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். 1944-ல் இந்த முறைகளை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் வெளியிட்டது. 1945-ல் அவர் அந்த சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அதே ஆண்டுகளில், 1943 வங்காளப் பஞ்சம் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்பதையும் அவருடைய குழு மாதிரி எடுத்தே அளந்தது.

உப்பு சொன்ன கணக்கு

1947. பிரிவினைக் கலவரத்துக்குப் பயந்து ஏராளமானோர் டெல்லி செங்கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். சாப்பாடு போடும் பொறுப்பு அரசுடையது. ஒப்பந்ததாரர்களின் பில்கள் எகிறின. உள்ளே போய்த் தலை எண்ணும் நிலைமை இல்லை. மகலனோபிஸின் சகாக்களான புள்ளியியலாளர்களிடம் விஷயம் வந்தது. இந்தக் கதையைப் பின்னாளில் உலகுக்குச் சொன்னவர் அவருடைய மாணவர் சி.ஆர். ராவ்.

அவர்கள் பில்லை வைத்தே தலையை எண்ணினார்கள். ஒருவர் ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி, பருப்பு, உப்பு சாப்பிடுவார் என்பது முந்தைய கணக்கெடுப்புகளில் தெரியும். பில்லில் உள்ள அளவை அதால் வகுத்தால் ஆட்கள் எண்ணிக்கை. அரிசியை வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய எண் வந்தது. உப்பை வைத்துப் பார்த்தால் மிகச் சிறிய எண் வந்தது.

எதை நம்புவது? உப்பைத்தான் நம்பினார்கள். அரிசி விலை அதிகம், கூட்டி எழுதினால் லாபம். உப்பு விலை அற்பம், அதைக் கூட்டி எழுதி யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது? ஹுமாயூன் கல்லறை வளாகத்தில் இருந்த சிறிய முகாமிலும் இதே முறையைச் சோதித்தார்கள், சரியாகவே வந்தது.

கணக்கில் விட்டுப்போனது

சுதந்திர இந்தியாவில் மகலனோபிஸின் கை ஓங்கியது. 1949-ல் மத்திய அமைச்சரவைக்குக் கௌரவ புள்ளியியல் ஆலோசகர். 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு. 1953-ல் புள்ளியியல் நிறுவனத்துக்குள் செயல்முறைகள் ஆராய்ச்சிக்குத் தனிப் பிரிவு. 1956-ல் அந்த நிறுவனத்துக்கு வந்த ஹெச்.இ.சி.-2எம் இயந்திரம், இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர்.

அதே ஆண்டு தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் அவருடைய மாதிரியின் மேல் நின்றது. முதலீட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, இயந்திரங்களையும் எஃகையும் உற்பத்தி செய்யும் தொழில்களுக்கு. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் எஃகு ஆலைகள் அந்தக் காலத்தவை. நம்ம நெய்வேலி நிறுவனம் தொடங்கியதும் 1956-ல்தான்.

இங்கேதான் அவர் அதிகம் விமர்சிக்கப்படுகிறார். இவ்வளவு பெரிய திட்டத்தைப் பொருளாதாரம் தாங்காது என்று பொருளாதார அறிஞர் பி.ஆர். ஷெனாய் 1955-லேயே எழுத்தில் மறுப்புத் தெரிவித்தார். மக்களின் அன்றாடத் தேவைப் பொருட்களைப் புறக்கணிக்கக் கூடாது என்று வகீலும் பிரம்மானந்தாவும் வாதிட்டார்கள். 1957-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. உணவுக்கு அமெரிக்கக் கோதுமையை நம்ப வேண்டியிருந்தது.

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் மொழியில் சொன்னால், சில கட்டுப்பாடுகளுக்குச் சமன்பாட்டில் போதிய இடம் தரப்படவில்லை. கையிருப்பு டாலர் ஒரு கட்டுப்பாடு, தட்டில் விழும் சோறு ஒரு கட்டுப்பாடு. அவற்றை விட்டுவிட்டுத் தீர்த்தால், விடை தாளில் சரியாக இருக்கும், தெருவில் தப்பாக இருக்கும். சணல் வயலில் ஒவ்வொரு நிமிடத்தையும் குறித்துவைத்தவருக்கு, ஒரு நாட்டையே அப்படி அளப்பது எளிதாக இருக்கவில்லை.

இன்று எங்கே இருக்கிறார்?

1968-ல் பத்ம விபூஷண். 1972 ஜூன் 28 அன்று, 79-வது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பு இறந்தார். அவர் பிறந்த ஜூன் 29, 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினம்.

விலைவாசி உயர்வைக் கணக்கிட அரிசிக்கு எவ்வளவு எடை, பெட்ரோலுக்கு எவ்வளவு எடை என்பது அவர் தொடங்கிவைத்த மாதிரிக் கணக்கெடுப்பின் வழியில்தான் முடிவாகிறது. 1936-ல் அவர் வரையறுத்த மகலனோபிஸ் தூரத்தை, கூட்டத்தில் ஒட்டாத தரவைக் கண்டுபிடிக்க இன்று டேட்டா சயின்ஸ் வேலையில் இருப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். அவர் நிறுவனத்தின் தரக் கட்டுப்பாடு மற்றும் செயல்முறைகள் ஆராய்ச்சிப் பிரிவுகள் சென்னையிலும் கோவையிலும் இயங்குகின்றன.

நமக்கான பாடம் இன்னும் எளிது. அடுத்த முறை ஏதாவது ஒரு விழாவுக்கு, கூட்டத்துக்கு இத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்று மொபைலில் செய்தி வந்தால், ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி மூன்று கேள்வி கேளுங்க. எப்படி எண்ணினாங்க? தப்பு எவ்வளவு இருக்கலாம்? இந்த எண் கூடினா யாருக்கு லாபம்? பதில் இல்லை என்றால், அந்தக் கணக்கில் இன்னும் உப்பு சேரவில்லை.