ரகுநாத கார்வே: மறைத்து வைத்த அறிவைத் திறந்தவர்

செஞ்சிக் கோட்டையைக் காண வரும் மாணவர்களுக்கு உபாத்தியாயர்கள் மூன்று கதைகளைச் சொல்லத் தவறுவதில்லை. தேசிங்கு ராஜனின் வீரம் ஒன்று. 1677இல் சிவாஜி மகாராஜா இக்கோட்டையைக் கைப்பற்றியது மற்றொன்று. அவருடைய குமாரர் ராஜாராமர் இங்கே தங்கியிருக்க, மொகலாய சைனியம் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது மூன்றாவது. 2025ஆம் ஆண்டில் மராட்டியக் கோட்டைகள் 12 உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அங்கீகரிக்கப்பட்டபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியிலிருந்து அவ்வரிசையில் இடம் பெற்றது செஞ்சி ஒன்றே.

அதே வரிசையில் கொங்கணக் கடலோரத்துச் சுவர்ணதுர்க்கமும் இருக்கிறது. அதன் சமீபத்திலுள்ள முருட் என்னும் சிற்றூரே கார்வே குடும்பத்தாரின் ஊர். அக்குடும்பத்தில் பிறந்த ரகுநாத தோண்டோ கார்வேயின் சரித்திரத்தைச் செஞ்சி மாணவர்கள் கேட்டதில்லை. வாளெடுத்தவர்களின் கதையைச் சொல்லும் நாம், பேனா எடுத்து இருபத்தாறு ஆண்டுகள் முற்றுகையைத் தாங்கிய இம்மனிதரின் கதையையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ரகுநாதர் 1882ஆம் ஆண்டு ஜனவரி 14இல் பிறந்தார். விதவைகளுக்கு ஆசிரமம் அமைத்தவரும், 1916இல் பெண்களுக்கென ஸர்வகலாசாலையை ஸ்தாபித்தவரும், பின்னர் 1958இல் பாரத ரத்னப் பட்டம் பெற்றவருமான தோண்டோ கேசவ கார்வேயே அவருடைய தந்தை. தாயார் ராதாபாய் 1891இல் பிரசவத்தின்போது காலமானார். அப்போது மகனுக்கு வயது ஒன்பது. தந்தையார் ஒரு விதவையை மறுமணம் செய்துகொண்டமைக்காக ஊரார் அக்குடும்பத்தை விலக்கி வைத்தனர். ஊரின் கோபம் எத்தகையது என்பதைப் பிள்ளைப் பிராயத்திலேயே ரகுநாதர் கண்டறிந்தார்.

கணிதத்தில் கூர்மையான புத்தி படைத்த அவர், 1899இல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். புனாவில் பெர்குஸன் கலாசாலையில் பயின்று, பின்பு பாரிஸ் நகரத்துக்கும் சென்று கணிதம் கற்றுத் திரும்பினார். பம்பாய் வில்ஸன் கலாசாலையில் ஆசிரியர் பதவி கிடைத்தது. கௌரவமும் சம்பளமும் நிறைந்த உத்தியோகம். பேசாதிருந்தால் ஆயுள் முழுவதும் சுகமாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் அவர் பேசாதிருக்கவில்லை. 1921இல் பம்பாயில் கர்ப்பத்தடை ஆலோசனை நிலையம் ஒன்றைத் திறந்தார். அடுத்தடுத்த பிரசவங்களால் பெண்கள் மெலிந்து மடிவதையும், மேகவியாதிகள் கணவரிடமிருந்து ஏதுமறியாத மனைவியரைப் பற்றுவதையும், இவற்றுக்கெல்லாம் மூலகாரணம் அறியாமையே என்பதையும் எடுத்துரைத்தார். மனைவி மாலதிபாய் அவருக்கு உற்ற துணையாக நின்றார். குழந்தை வேண்டாமென்று இருவரும் தீர்மானித்து, பிறருக்குப் போதித்ததைத் தம் வாழ்விலும் அனுஷ்டித்தனர். கலாசாலை நிர்வாகிகளுக்கு இவை பிடிக்கவில்லை. பிரசாரமா, பதவியா என்ற நிலை ஏற்பட்டபோது, 1925இல் ரகுநாதர் பதவியைத் துறந்தார். அதன்பின் அவருடைய வாழ்வில் பணக் கஷ்டம் நீங்கவே இல்லை.

1927 ஜூலையில் ‘ஸமாஜ ஸ்வாஸ்த்ய’ என்னும் மராத்தி மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். சமூக ஆரோக்கியம் என்பது அப்பெயரின் பொருள். தேகக் கூறுகள், கர்ப்பம் உண்டாகும் விதம், நோய்த் தடுப்பு, ஆண் பெண் சமத்துவம் ஆகியவை அதில் ஒளிவு மறைவின்றி எழுதப்பட்டன. வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கும் பகுதியே அதன் உயிர்நாடி. தாயிடமும் தந்தையிடமும் வைத்தியரிடமும் கேட்க முடியாததை வாலிபர்கள் கடிதத்தில் கேட்டனர். அவர் யாரையும் பழிக்காமல், தாம் அறிந்த சாஸ்திர உண்மையைப் பதிலாகச் சொன்னார்.

வழக்குகள் வந்தன. 1931இல் ஆபாசக் குற்றம் சாட்டப்பட்டு 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 1934இல் மீண்டும் கைது. இம்முறை குற்றமாகக் கொள்ளப்பட்டவை வாசகர்களுக்கு அவர் அளித்த பதில்களே. தற்புணர்ச்சியைப் பற்றியும், ஒரே பாலாரிடையே தோன்றும் இச்சையைப் பற்றியும் எழுந்த கேள்விகளுக்குரியவை. அவருக்காக வாதாட முன்வந்தவர் டாக்டர் அம்பேத்கர். பால் விஷயத்தைப் பற்றி எழுதியதெல்லாம் ஆபாசமாகிவிடாது என்றும், ஜனங்கள் ஐயம் கேட்குமிடத்தில் விடை தருவது ஆசிரியரின் கடமை என்றும், இருளை அறிவினாலன்றி வேறெதனாலும் போக்கவியலாது என்றும் அவர் வாதித்தார். வழக்கு தோற்றது, அபராதம் 200 ரூபாய். பத்திரிகை மட்டும் நிற்கவில்லை. 1938இல் கர்ப்பத்தடைக்கு ஆதரவாக அம்பேத்கர் தயாரித்த தீர்மானம் பம்பாய்ச் சட்டசபைக்கு வந்து, அதுவும் தோற்றது.

தேசிய இயக்கத்தைச் சேர்ந்த நாம் ஒரு விஷயத்தை மறைக்கலாகாது. மகாத்மா காந்தி செயற்கைக் கர்ப்பத்தடையை ஏற்கவில்லை. பிரம்மசரியமே வழி என்பது அவர் கொள்கை. அமெரிக்காவிலிருந்து மார்கரெட் ஸாங்கர் அம்மையார் 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்து வாதாடியும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மகாத்மாவின் தவ வலிமையை நாம் வணங்குகிறோம். ஆயினும் தவம் சிலருக்கே சித்திப்பது. அறிவோ எல்லோருக்கும் வேண்டுவது. தன்னடக்கத்தைப் போதிப்பவனும், எதை அடக்க வேண்டும் என்பதை முதலில் தெளிவாகச் சொல்லியாக வேண்டுமல்லவா?

கார்வேயிடம் குறைகள் இல்லாமலில்லை. அவருடைய எழுத்தில் பரிகாசம் மிகுதி. பத்திரிகையின் முகப்பில் நிர்வாணப் பெண் உருவங்களை வெளியிட்டது, விரோதிகளின் கையில் தாமே ஆயுதம் கொடுத்ததாயிற்று. ஸ்தாபனம் எதையும் கட்டாமல் தனியாளாகவே நின்றார். 1944இல் மாலதிபாய் காலமானார். அதன் பின்பும் தளராமல் பத்திரிகையை நடத்தி வந்த ரகுநாதர் 1953ஆம் ஆண்டு அக்டோபர் 14இல் மறைந்தார். பத்திரிகையும் அவ்வாண்டோடு நின்றது.

அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின், 2007இல், பள்ளிகளில் பால் கல்வியைத் தடை செய்த மாகாணங்களுள் அவருடைய மகாராஷ்டிரமும் ஒன்று. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகச் சென்னையில் 1986இலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டம் 2012இல் வந்தது. சட்டம் இருக்கிறது, ஆனால் தனக்கு நேர்ந்தது குற்றம் என்பதையே அறியாத குழந்தை யாரிடம் போய் முறையிடும்? பூப்பெய்திய பெண் தன் உடலில் நிகழ்வதைக் கண்டு ஏன் அஞ்சி அழ வேண்டும்? கைப்பேசியில் காணும் விகாரமே இல்லறத்தின் இலக்கணமென்று வாலிபன் ஏன் எண்ண வேண்டும்?

இக்கல்வி பிள்ளைகளைக் கெடுக்கும் என்பார் பலர். பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் கண்ட முடிவு இதற்கு நேர்மாறானது. முறையாகப் போதிக்கப்பட்ட மாணவர்கள் உடலுறவில் அவசரப்படுவதில்லை. அறிவும் எச்சரிக்கையுமே பெருகுகின்றன.

ஆகவே செஞ்சி போன்ற ஊர்களில் இவ்வேலையைத் தொடங்க விரும்பும் தொண்டர்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும் கார்வேயின் வாழ்வு வழிகாட்டும். அவர் வாசகரின் கேள்வியிலிருந்து தொடங்கினார். நாமும் அவ்வாறே தொடங்க வேண்டும். பெயரெழுதாத சீட்டுகளில் மாணவர்கள் தம் ஐயங்களைப் போட ஒரு பெட்டி வைத்தால், பாடத்திட்டம் அதிலிருந்தே பிறக்கும். பெற்றோரை முன்கூட்டியே அழைத்து, என்ன சொல்லப் போகிறோம் என்பதைத் தெரிவித்தால் பாதி எதிர்ப்பு அடங்கும். கார்வே செய்யத் தவறியது இதுவே. மாணவிகளுக்கு ஒரு டாக்டரம்மாளோ நர்ஸோ பேசுவது நலம். ஆண் பிள்ளைகளை விட்டுவிடுவது பெரும் பிழை.

பலனை அளப்பதிலும் நேர்மை வேண்டும். இத்தனை கூட்டங்கள் நடந்தன, இத்தனை பேர் வந்தனர் என்று கணக்கெழுதுவது கண்துடைப்பு. போதனைக்கு முன்பு ஒரு முறையும், முடிந்தவுடன் ஒரு முறையும், சில மாதம் கழித்து மற்றொரு முறையும் அதே வினாக்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரிகிறதா? ஆபத்து நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்று தெரிகிறதா? மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கு வராதிருந்த பெண்கள் இப்போது வருகிறார்களா? மௌனமாயிருந்த குழந்தை வாய் திறந்ததா? இவற்றுக்குக் கிடைக்கும் விடையே உண்மையான மதிப்பெண். விடை பாதகமாயிருந்தால் குறை மாணவரிடமில்லை. பாடத்தைத் திருத்த வேண்டும்.

செஞ்சியின் மதில்கள் பகைவரைத் தடுக்க எழுந்தவை. நம் குழந்தைகளைச் சுற்றி நாம் எழுப்பியுள்ள மௌன மதிலோ பகைவரைத் தடுப்பதில்லை. உதவிக்கு வருபவரையே தடுக்கிறது. அதை இடிக்கப் புறப்பட்ட கணித ஆசிரியர் தம் பதவியை இழந்தார். நம்மிடம் அவ்வளவு பெரிய தியாகத்தை இன்று யாரும் கேட்கவில்லை. சிறிது கூச்சத்தை விட்டுவிடும்படி மட்டுமே கேட்கிறார்கள்.