புகையோடு மல்லுக்கட்டிய டீசல்

கறுப்பாகப் புகை கக்கும் கார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் என்ன பார்ப்போம்? நீலப்புகைன்னா ஆயில் எரியுது, ரிங் தேய்மானம். கறுப்புன்னா காற்று போதலை. ஏர் ஃபில்டர், அப்புறம் இன்ஜெக்டர். இந்தப் பாடத்தைப் பட்டே கற்றவர் ருடால்ஃப் டீசல்.

1858-ல் பாரிஸில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தார். மியூனிக் பாலிடெக்னிக் மாணவர், நம்ம ஆளுதான்! 1879-ல் டைபாய்டு வந்து இறுதித் தேர்வு தள்ளிப்போனது. மறுவருடம் எழுதி அபாரமாகத் தேறினார்.

காற்றை மட்டும் பலமாக அழுத்தினால், அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக்கே வேண்டாம். காகிதத்தில் எல்லாம் சரி. 1893-ல் ஆக்ஸ்பர்க் ஆலையில் நடந்த சோதனையில் அழுத்தமானியே வெடித்துச் சிதறியது. அடுத்த தலைவலி புகை. எரிபொருள் பொடித்துளியாகச் சிதறாமல், காற்றோடு கலக்காமல், பாதி வெந்து கரியாக வந்தது. கடைசியில் கம்ப்ரஸர் வைத்து, அழுத்தக் காற்றாலேயே எண்ணெயை ஊதித் தெளித்தார். 1897-ல் 20 குதிரைத்திறன் எஞ்சின், 26 சதவீதத் திறன்! நீராவி எஞ்சின்கள் கிட்டவே வர முடியவில்லை.

ஆனா அந்தக் கம்ப்ரஸர் பெருசு. கப்பலுக்குச் சரி, காருக்கு ஆகாது. 1927-ல் பாஷ் கம்பெனி சிறிய இன்ஜெக்‌ஷன் பம்ப்பைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகே, 1936-ல் மெர்சிடிஸ் டீசல் கார் வந்தது.

பார்க்க அவர் இல்லை. கடனில் தத்தளித்தவர், 1913 செப்டம்பர் 29 இரவு ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து சென்ற கப்பலில் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனார். காலையில் ஆளைக் காணோம்; படுக்கை கலையவே இல்லை. பத்து நாள் கழித்துக் கடலில் மிதந்த சடலத்தின் சட்டைப்பைப் பொருட்களை அவர் மகன்தான் அடையாளம் காட்டினார்.