கரித்தூளின் நண்பர் லோவிட்ஸ்



பல்லாவரத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர் வடிகட்டியைப் பழுது பார்க்க ஒருவர் வந்தார். பழைய உருளையைக் கழற்றியதும் உள்ளிருந்து கறுப்பாகத் தூள் கொட்டியது. என் பேரன் முகம் சுளித்தான். இந்தக் கரிக்குள் புகுந்து வந்த தண்ணீரையா இத்தனை நாள் குடித்தோம் என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

டோபியாஸ் லோவிட்ஸ், 1757-ஆம் ஆண்டு ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் பிறந்தார். தந்தை வானியல் அறிஞர். மகன் சிறுவனாக இருந்தபோதே அவனை அழைத்துக்கொண்டு ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனார். வோல்கா ஆற்றுப் பக்கம் நிலம் அளந்துகொண்டிருந்தபோது, 1774-இல், அங்கே பெரிய கிளர்ச்சி வெடித்தது. புகச்சேவ் என்பவரின் ஆட்கள் தந்தையைக் கொன்றுவிட்டார்கள். டோபியாஸுக்கு அப்போது வயது 17. எப்படியோ தப்பித் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். பிறகு அங்கே அரச மருந்தகத்தில் மருந்து தயாரிக்கக் கற்றுக்கொள்ளும் பையனாகச் சேர்ந்தார்.

அந்த மருந்தகம்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். 1785-இல் அங்கே டார்டாரிக் அமிலத்தைப் படிகமாக்க முயன்றார். என்னவோ ஏதோ என்று நினைக்காதீர்கள். நம் வீட்டுப் புளியில் இருக்கிறதே, அந்தப் புளிப்புதான்! கரைசலைச் சுண்டக் காய்ச்சினால் பழுப்பாகிவிடும். படிகமும் அழுக்காகவே வரும். அதில் கரித்தூளைப் போட்டு வடிகட்டினார். கறுப்பைப் போட்டால் இன்னும் கறுக்கும் என்றுதானே நினைப்போம்? கரைசல் தெளிந்து வந்தது!

அதற்கு அவர் சொன்ன காரணம் தவறு. பொருள்கள் எரியும்போது வெளியேறும் 'ஃபிளாஜிஸ்டன்' என்று ஒன்று இருப்பதாக அக்காலத்தில் நம்பினார்கள். அதைத்தான் கரி இழுக்கிறது என்று அவரும் எண்ணினார். காரணம் தவறானாலும் சோதனை சரி. தேன், மதுபானம், நாறிப்போன தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கரித்தூள் போட்டுப் பார்த்தார். கப்பலில் மரப்பீப்பாய்த் தண்ணீர் சில வாரங்களிலேயே கெட்டுவிடும். நடுக்கடலில் வேறு தண்ணீருக்கு எங்கே போவது? அதைக் கரியால் தெளிய வைக்கும் முறையையும் எழுதினார்.

1793-இல் ரஷ்ய அறிவியல் கழகம் அவரை முழு உறுப்பினராக்கியது. வீட்டிலோ துயரம். மனைவியையும் பிள்ளைகளையும் சாவுக்குப் பறிகொடுத்தார். ஆராய்ச்சியை மட்டும் விடவில்லை. 1804-இல், 47 வயதில் மறைந்தார்.

உண்மைக் காரணம் என்ன? கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, நீராவியில் பதப்படுத்திய கரியில் ஒரு கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் துளைச் சுவர்களை எல்லாம் விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். அதாவது ஏழு கபடி மைதானத்துக்கும் மேல்! நிறமும் நாற்றமும் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன.

பேரன் விடவில்லை. பழைய உருளையைக் குப்பையில் போட்டால், அது பிடித்து வைத்த அழுக்கு எங்கே போகும் என்றான். நல்ல கேள்வி! கரி அழுக்கைப் பிடிக்குமே தவிர, அழிக்காது. தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றது நம் பக்கத்து ஊர் குரோம்பேட்டை. தோலுக்கு ஏற்றும் சாயம் கலந்த நீரைக் கரியால் வடிகட்டினாலும், சாயம் கரிக்குள் அப்படியே கிடக்கும்.

இங்கேதான் சூரியன் உதவிக்கு வருகிறது. பெயின்ட்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு தூளை உங்களுக்குத் தெரியுமா? அதன்மேல் ஒளி பட்டால் தண்ணீரே பிரியும் என்று ஜப்பானின் ஃபுஜிஷிமா, ஹோண்டா இருவரும் 1972-இல் வெளியிட்டார்கள். அந்தத் தூளைக் கரியின்மேல் ஏற்றி வெயிலில் வைத்தால் ஒன்று பிடிக்கும், மற்றது உடைக்கும். சாயம் சிறிது சிறிதாகச் சிதைந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறும். கரியின் துளைகளும் காலியாகும். சிக்கல் என்னவென்றால், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்தான் இந்த வேலையைச் செய்யும். அது 20-இல் ஒரு பங்குதான். மற்ற ஒளியையும் வேலை வாங்க ஆய்வாளர்கள் முயன்றுகொண்டிருக்கிறார்கள். வெயிலுக்கு மட்டும் நம் பல்லாவரத்தில் பஞ்சமே இல்லை!