மண்வீடுகளை வரைந்து வைத்தவர்

இலையுதிர்காலத்தில் இலண்டன் பிக்கடில்லி வீதியில் நடந்து செல்லும் நம்மவர்க்கு, அங்கே ஒருகாலத்தில் எகிப்திய மண்டபம் என்றொரு கட்டடம் நின்றமை தெரிந்திருக்க நியாயமில்லை. 1905இல் அது இடிக்கப்பட்டது. 1840இல் அம்மண்டபத்திலே, அமெரிக்கப் பூர்வகுடிகளைச் சித்திரிக்கும் ஏறத்தாழ ஐந்நூறு ஓவியங்களையும், காட்டெருமைத் தோலாலான கூடாரமொன்றையும் மக்களுக்குக் காட்டியவர் ஜோர்ஜ் கற்லின்.

1796இல் பென்சில்வேனியாவிற் பிறந்த கற்லின், சட்டத்தொழிலைத் துறந்து தூரிகை ஏந்தியவர். பூர்வகுடிகள் தம் நிலங்களிலிருந்து மேற்கே துரத்தப்பட்ட காலம் அது. எஞ்சியோர்க்கும் அக்கதி நேருமுன் அவர்களை வரைந்துவிட வேண்டுமென அவர் உறுதிகொண்டார். 1832இல் மிசூரி ஆற்றுவழியே நீராவிப் படகிற் சென்று, காட்டெருமைக் கூட்டங்களையும், தீப்பற்றி எரியும் காய்ந்த புல்வெளிகளையும், மண்டான் மக்களின் வட்டவடிவ மண்வீடுகளையும் வரைந்தார். அவ்வீடுகளின் கூரைகள்மீது ஊரவர் கூடியிருக்கும் காட்சியும் அவற்றுள் உண்டு.

ஐந்தே ஆண்டுகளில், 1837இல், வணிகக் கப்பலோடு வந்த பெரியம்மை மண்டான் ஊர்களைச் சூறையாடியது. ஏறத்தாழ 1600 பேரில் நூற்றைம்பதுக்கும் குறைவானோரே எஞ்சினர் என்பர். கூரைமேல் இருந்தோரிற் பெரும்பாலார் ஓவியத்தில் மட்டுமே மிஞ்சினர்.

கற்லினிடம் குறையும் உண்டு. பிற்பாடு அவர் பூர்வகுடி மக்களையே மேடையேற்றிக் கட்டணம் பெற்றார். அவர்களுட் சிலர் ஐரோப்பிய மண்ணில் நோயுற்று மாண்டனர். அவருடைய மனைவியும் இளம் மகனும் பாரிசில் இறந்தனர். 1852இல் கடன் முற்றி ஓவியங்கள் கைமாறின. கடனை அடைத்த ஜோசப் ஹரிசன் என்னும் செல்வந்தர் அவற்றைப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுசென்றார். முதுமையில், இழந்த ஓவியங்கள் பலவற்றைக் கற்லின் மீளவும் வரைந்தார். மூலங்களை மீட்காமலே 1872இற் காலமானார். 1879இல் அவை ஸ்மித்சோனியன் நிறுவகத்தைச் சேர்ந்தன.

மண்டான் இனம் அழிந்துவிட்டதென்றே கற்லின் நம்பியிருந்தார். ஆயின் எஞ்சியோரின் வழித்தோன்றல்கள் இன்றும் வடக்கு டகோட்டாவில் வாழ்கின்றனர். தம் முன்னோரின் வீடுகளை, வெளியார் ஒருவர் தீட்டிய கோலத்திலும் அவர்கள் பார்க்க நேர்கிறது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எவை போயின என்பதை நாம் அறிவோம். நமது கிடுகுவேலியையும் கிணற்றடியையும் வரைந்துவைக்க ஒரு கற்லின் வருவாரென நாம் காத்திருத்தல் தகாது. கண்டவர்கள் நம் வீடுகளில் முதியோராய் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் கடன் நம்முடையதே.