சிறைவாசலுக்கு வெளியே ஒரு நண்பர்



சிறுவர்கள் சூழப் புன்முறுவலுடன் நிற்கும் புனித ஜோன் பொஸ்கோவின் திருவுருவத்தை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். அவருடைய பணியின் தொடக்கம் ஒரு சிறைக்கூடத்தில் அமைந்தது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை.

1815 ஆகஸ்ட் 16இல் வட இத்தாலியின் பெக்கி என்னும் சிற்றூரில், ஏழை உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்பே தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தாவே அவரை வளர்த்தார். சந்தைகளில் கண்ட வித்தைக்காரரைப் பார்த்துக் கயிற்றில் நடக்கப் பழகிய சிறுவன் ஜோன், ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வித்தை காட்டுவான். அதற்குக் கட்டணமாக அவர்கள் செபமாலை சொல்ல வேண்டும்!

1841 ஜூன் 5இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, துரின் நகருக்கு வந்தார். கைதிகளின் ஆன்ம வழிகாட்டியாக விளங்கிய அருட்தந்தை ஜோசப் கஃபாசோ அவரைச் சிறைகளுக்கு அழைத்துச் சென்றார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையான சிறுவர்கள், நல்ல உடலும் கூரிய அறிவும் உடையவர்கள், பூச்சிக் கடியிலும் பட்டினியிலும் முடங்கிக் கிடந்தனர். அதைக் காட்டிலும் அவரை வாட்டியது வேறொன்று. திருந்தி வாழும் உறுதியோடு வெளியே சென்ற பையன்கள் சில நாள்களிலேயே மீண்டும் உள்ளே வந்தார்கள். வெளியே அவர்களுக்கு வீடில்லை, வேலையில்லை, பெயர் சொல்லி அழைக்க ஒருவருமில்லை. வெளியே ஒரு நண்பன் இருந்திருந்தால் இவர்கள் திரும்பி வந்திருப்பார்களா என்று இளங்குரு தம்மையே கேட்டுக்கொண்டார்.

அவ்வாண்டு டிசம்பர் 8, அமலோற்பவ அன்னையின் திருவிழா. புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தில் அவர் திருப்பலிக்கு ஆயத்தமானபோது, பூசைக்கு உதவத் தெரியாத ஒரு பையனைக் கோவிற் பணியாளர் அடித்து விரட்டினார். அவனைத் தம் நண்பன் என்று கூறித் திரும்ப அழைப்பித்தார் தொன் பொஸ்கோ. பெற்றோரை இழந்த கொத்துவேலைப் பையன் பர்த்தொலொமேயோ கரெல்லி அவன். எழுதத் தெரியுமா, பாடத் தெரியுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் தலையசைத்து மறுத்தவன், சீழ்க்கையடிக்கத் தெரியுமா என்றதும் சிரித்துவிட்டான். அடுத்த வாரம் நண்பர்களோடு வந்தான்.

கூட்டம் பெருகியது. சத்தம் பொறுக்காத அயலவர் ஓரிடத்தில் துரத்த, இன்னோரிடம் தேடினார்கள். அரசைக் கவிழ்க்கும் கூட்டமோ என்று அதிகாரிகளும் ஐயுற்றனர். 1846ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று வால்தொக்கோவில் ஒரு கொட்டில் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் தாய் மார்கரீத்தா கிராமத்து வீட்டை விட்டுவந்து, அந்தப் பிள்ளைகளுக்குச் சமைக்கவும் கிழிந்த உடைகளைத் தைக்கவும் தொடங்கினார். அந்தத் தாயின் தியாகத்தை நாம் போதியளவு போற்றுவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தொன் பொஸ்கோ செபத்தோடும் விளையாட்டோடும் நின்றுவிடவில்லை. வார நாள்களில் பையன்கள் வேலை செய்யும் கட்டடங்களுக்கே சென்று விசாரிப்பார். வேலை கொடுப்போருடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்தார். தொழிலை முறையாகக் கற்பிக்க வேண்டும், வீட்டு ஏவல்களுக்குப் பயன்படுத்தலாகாது, கை நீட்டலாகாது, ஞாயிறு ஓய்வு வேண்டும். 1852ஆம் ஆண்டின் அத்தகைய ஒப்பந்தம் ஒன்று இன்றும் பேணப்படுகிறது. மறு ஆண்டே தம் இல்லத்தில் சப்பாத்துத் தைக்கும் பட்டறையும் தையற் பட்டறையும் திறந்தார். பின்னர் புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சு என விரிந்தன. தவறு நிகழ்ந்தபின் தண்டிப்பதைவிட, நிகழாதபடி உடனிருப்பதே அவர் வழி. அறிவு, சமயம், அன்பு என்னும் மூன்றின்மேல் அமைந்த அந்தத் தடுப்புமுறையை 1877இல் சுருக்கமாக எழுதிவைத்தார்.

1857இன் இலையுதிர் காலத்தில், கர்மஞோலா புகையிரத நிலையத்தில் காத்திருந்தபோது, சிறுவர் கூட்டமொன்றின் ஆரவாரம் அவருக்குக் கேட்டது. அதன் தலைவன் மிக்கேல் மகோனே. தந்தையில்லை, பாடசாலை அவனை வெளியேற்றியிருந்தது. இந்த வேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சிறையில் கண்டறிந்தவர் அவர். புகையிரதம் வருவதற்குள் கிடைத்த சில நிமிடங்களில் அவனுடன் பேசினார்; ஒரு பதக்கத்தைக் கொடுத்து, பங்கின் உதவிக் குருவிடம் காட்டச் சொன்னார். சில நாள்களில் மிக்கேல் வால்தொக்கோவுக்கு வந்து சேர்ந்தான். அங்கே அவன் வாழ்ந்தது ஏறத்தாழ பதினைந்து மாதங்களே. 1859 ஜனவரியில், பதின்மூன்று வயதில், நோயுற்று இறந்தான். அவன் படுக்கையருகே தொன் பொஸ்கோ இருந்தார். பின்னர் அந்தத் தெருச்சிறுவனின் வாழ்க்கையை அவரே நூலாக எழுதினார்.