வயலில் மட்கிக் கிடந்த படகு.. 46 ஆயிரம் மைல் தனிப் பயணம்! யார் இந்த ஜோஷுவா ஸ்லோகம்?

தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகத்தையே சுற்றி வந்த முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம். 1895-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் இருந்து கிளம்பியவர், 3 வருடம் கழித்து 1898-ல் திரும்பி வந்தார். படகில் இன்ஜின் கிடையாது, ரேடியோ கிடையாது, கூட ஓர் ஆள் கிடையாது. ஒரு நல்ல கடிகாரம்கூட கிடையாது!

இந்தச் சாதனையைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள. ஆனால் அந்தப் படகு அவருக்கு எப்படிக் கிடைத்தது, அதை எப்படிச் சரிசெய்தார், 3 வருடம் கடலில் எப்படி வைத்துக் காப்பாற்றினார் என்பது பலருக்குத் தெரியாது. சுவாரஸ்யமே அங்கேதான் இருக்கிறது.

பொம்மைக் கப்பலை உடைத்த அப்பா

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1844 பிப்ரவரி 20-ம் தேதி பிறந்தவர் ஸ்லோகம். அப்பா கண்டிப்பான ஆளு. விவசாயம் கைகொடுக்காமல் பிரையர் தீவுக்குக் குடிபெயர்ந்து, மீனவர்களுக்கு பூட்ஸ் தைக்கும் கடை வைத்தார். பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்ட ஸ்லோகமும் அந்தக் கடையில்தான் உட்கார வேண்டியிருந்தது. ஒளிந்து ஒளிந்து அவர் செய்த பொம்மைக் கப்பல் ஒன்றை அப்பா பார்த்துவிட்டு, தரையில் போட்டு உடைத்ததாக ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது.

14 வயதில் மீன்பிடிக் கப்பலில் சமையல்காரராக ஓடிப்போனார், திரும்பி வந்தார். 16 வயதில் அம்மா இறந்ததும் கிளம்பியவர், அதன்பிறகு அந்த வீட்டுக்கென்று திரும்பவில்லை. படிப்படியாக உயர்ந்து, 25 வயதிலேயே கேப்டன் ஆகிவிட்டார். 1871-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வர்ஜீனியா வாக்கர் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். கப்பல்தான் அவர்களுக்கு வீடு. மொத்தம் 7 குழந்தைகள், அதில் பிழைத்தது 4 பேர். 1884-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் ஐர்ஸ் துறைமுகத்தில் வர்ஜீனியா இறந்துபோனார்.

அடுத்த அடி 1887-ல் விழுந்தது. அவருடைய சொந்தக் கப்பலான அக்விட்னெக் பிரேசில் கடற்கரையில் தரைதட்டி நாசமானது. அப்போது இரண்டாவது மனைவி ஹென்ரியட்டாவும் இரண்டு மகன்களும் கூட இருந்தார்கள். ஊர் திரும்ப வழியில்லை. ஸ்லோகம் என்ன செய்தார் தெரியுமா? உடைந்த கப்பலின் மிச்சத்தையும் உள்ளூர் மரத்தையும் வைத்து 35 அடியில் ஒரு படகு கட்டி, குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தார்! பிரேசிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட 1888 மே 13 அன்று கடலில் இறக்கப்பட்டதால் அந்தப் படகுக்கு லிபர்டாடி, அதாவது விடுதலை என்று பெயர். அந்தப் பயணத்தோடு ஹென்ரியட்டாவுக்குக் கடல் ஆசை தீர்ந்தது. கணவரோடு அவர் மறுபடி நெடும்பயணம் போகவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஓசியில் கிடைத்த கப்பல்

1892-ல் ஸ்லோகமுக்கு 48 வயது, வேலை இல்லை. நீராவிக் கப்பல்கள் வந்துவிட்ட காலம் அது. நல்ல நல்ல பாய்மரக் கப்பல்களையே மரத்தைக் கழற்றிவிட்டு நிலக்கரி ஏற்றும் தோணிகளாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பாய்மரக் கப்பல் கேப்டனை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

அப்போதுதான் எபன் பியர்ஸ் என்ற பழைய திமிங்கல வேட்டைக் கேப்டன், தன்னிடம் ஒரு கப்பல் இருக்கிறது, கொஞ்சம் ரிப்பேர் பார்க்க வேண்டும், சும்மாவே தருகிறேன் என்றார். ஸ்லோகம் மறுநாளே மாசசூசெட்ஸ் மாகாணத்தின் ஃபேர்ஹேவனுக்குப் போய்ப் பார்த்தால், அந்தக் "கப்பல்" தண்ணீரிலேயே இல்லை. ஒரு வயலுக்கு நடுவில், முட்டுக்கொடுத்து, தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. சிப்பி அள்ளப் பயன்பட்ட பழைய படகு. நூறு வயசு இருக்கும் என்று ஊரில் பேச்சு. அதன் பெயர் ஸ்ப்ரே, அதாவது அலைத் தூறல்.

ஊர்க்காரர்கள் எல்லாரும் அவர் அதை உடைத்து விறகாக்க வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். இல்லை, மறுபடி கட்டப்போகிறேன் என்றதும் எல்லாரிடமிருந்தும் ஒரே கேள்வி: இதில் லாபம் வருமா? ஒரு வருடத்துக்கும் மேலாக இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

ரிப்பேரா, புதுப் படகா?

பக்கத்தில் நின்ற ஓக் மரம் ஒன்றை வெட்டிச் செதுக்கி, ஏராக்கட்டை ஆக்கினார். படகின் முதுகெலும்பு மாதிரி அடியில் நீளமாக ஓடும் மரம்தான் ஏராக்கட்டை. விலா எலும்பு போன்ற வளைவுச் சட்டங்களுக்கு ஒரு மரப்பெட்டியும் கொதிக்கும் பானையும் போதுமானதாக இருந்தது. நேரான இளமரங்களை அந்தப் பெட்டியில் ஆவியில் வேகவைத்து, இளகியதும் ஒரு கட்டையின் மேல் வளைத்துக் கட்டி, இறுகும்வரை விட்டுவிடுவார்.

வெளிப்பக்கத்துக்கு ஒன்றரை அங்குல கனத்தில் ஜார்ஜியா பைன் பலகை. பலகை இடுக்குகளில் முதலில் பஞ்சு, அதற்கு மேல் தார் தோய்த்த நார். இந்த அடைப்பு வேலையை நம்ம ஊர்ப் படகு கட்டுபவர்கள் கலப்பத்து என்பார்கள். மரப்படகு மிதப்பதும் மூழ்குவதும் இந்த வேலையில்தான் இருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்த பழைய கேப்டன்கள், பஞ்சு நகர்ந்து வெளியே வந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். வரவில்லை.

13 மாத உழைப்பு. பொருட்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். நடுவே கைச்செலவுக்காகத் திமிங்கல வேட்டைக் கப்பல்களில் கூலி வேலையும் பார்த்தார். முடிந்தபோது படகின் நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடி 2 அங்குலம். ஒரு ஒப்பீட்டுக்குச் சொன்னால், 2024-25-ல் இந்தியக் கடற்படையின் தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் உலகைச் சுற்றி வந்த தாரிணி படகு 56 அடி.

பழைய பலகையைப் பிடுங்கிப் புதுப் பலகை போட்டுக்கொண்டே போனால், கடைசியில் இருப்பது பழைய படகா, புதுப் படகா? ஸ்லோகமுக்கே இந்தச் சந்தேகம் வந்தது. எந்த இடத்தில் பழையது செத்து புதியது பிறந்தது என்று சொல்ல முடியவில்லை என்றாலும், அவருக்கு அது கடைசிவரை அதே ஸ்ப்ரேதான்.

பாதிப் படகு.. உடைந்த கடிகாரம்

படகு தயாரானதும் மீன்பிடித் தொழில் செய்து பார்த்தார், சரிப்படவில்லை. 1895 ஏப்ரல் 24 அன்று, 51 வயதில், பாஸ்டனில் இருந்து கிளம்பினார்.

பணம் இல்லாதவன் படகில் எப்படி வசதி செய்துகொள்வான் என்பதற்கு இவர்தான் உதாரணம். கரைக்குப் போய்வர ஒரு சின்னப் படகு வேண்டும், ஆனால் முழுப் படகை வைக்க ஸ்ப்ரேயில் இடமில்லை. கழித்துப்போட்ட ஒரு துடுப்புப் படகை வாங்கிக் குறுக்கே இரண்டாக அறுத்து, வெட்டிய பக்கத்தைப் பலகையால் அடைத்துவிட்டார். அதுவே துணி துவைக்கும் தொட்டி, அதுவே குளிக்கும் தொட்டி!

நடுக்கடலில் இருக்கும் இடத்தைக் கணிக்கத் துல்லியமான கடிகாரம் அவசியம் என்பது அந்தக் காலத்து விதி. அவரிடம் இருந்த பழைய கப்பல் கடிகாரத்தைச் சரிசெய்ய 15 டாலர் கேட்டார்கள். அட போங்கப்பா என்று அதை விட்டுவிட்டு, யார்மவுத் என்ற ஊரில் தகரக் கடிகாரம் ஒன்றை வாங்கினார். விலை ஒன்றரை டாலர், முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குத் தந்தார்கள். பின்னால் அதன் நிமிட முள்ளும் போனது. ஓடாமல் நின்றபோது வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்து ஓட்டியிருக்கிறார். சூரியன், நிலவு, அனுபவம், கூட இந்தத் தகர டப்பா. இதை வைத்துத்தான் பெருங்கடல்களைக் கடந்தார்.

சுக்கானைக் கட்டிப்போட்டால் போதும்

தனியாகப் போகிறவர் எப்போது தூங்குவார்? ஸ்ப்ரேயின் பெரிய ரகசியமே இதுதான். சுக்கானை ஒரு நிலையில் கயிற்றால் கட்டிவிட்டால், படகு தானாகவே நேராகப் போகும். பாய்களில் விழும் காற்றின் விசையும், தண்ணீருக்குள் இருக்கும் நீளமான அடிப்பாகத்தின் எதிர்ப்பும் சரியாகச் சமன் ஆனால் இது நடக்கும். படகு கொஞ்சம் திசை மாறினால் பாயில் படும் காற்றும் மாறும், அந்த மாற்றமே படகைப் பழைய திசைக்குத் தள்ளிவிடும். எல்லாப் படகுக்கும் இது வாய்க்காது.

இந்தியப் பெருங்கடலில் கீலிங் தீவுகளை நோக்கிப் போன 23 நாட்களில், 2,700 மைல் தூரத்தில், அவர் சுக்கானைப் பிடித்தது மொத்தமே சுமார் 3 மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் சமையல், தூக்கம், புத்தகம். தளத்தில் வந்து விழும் பறக்கும் மீன்கள் காலை உணவு. பேசாமலே இருந்தால் குரல் போய்விடுமோ என்று இல்லாத மாலுமிகளுக்குச் சத்தமாக உத்தரவு போட்டுப் பார்ப்பார், பாட்டும் பாடுவார்.

வழியிலேயே படகை மேம்படுத்திக்கொண்டும் வந்தார். தென் அமெரிக்காவின் தென்கோடியில் வீசும் முரட்டுக் காற்றை எதிர்பார்த்து, பியூனஸ் ஐர்ஸில் பாய்மரத்தையே 7 அடி வெட்டிக் குறைத்தார். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையிலும் சுமார் 5 அடி போனது. மகெல்லன் நீரிணையில் பின்பக்கம் இன்னொரு சின்னப் பாய்மரம் நட்டார். டாஸ்மேனியாவில் படகைக் கரையேற்றி, மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு இருக்கிறதா என்று அடி முதல் நுனி வரை தேடினார். ஒன்றுகூட இல்லை. ஆனாலும் விடவில்லை, செம்பு கலந்த பெயின்ட் ஒரு கோட் அடித்த பிறகே மறுபடி இறக்கினார்.

மகெல்லன் நீரிணையில் இருந்த ஆபத்து வேறு மாதிரி. அங்கே படகுகளைத் தாக்கும் ஆட்கள் உண்டு என்று புன்டா அரினஸ் நகரில் ஒரு கேப்டன் எச்சரித்து, ஒரு பை நிறைய சின்ன ஆணிகளைக் கொடுத்தார். தூங்கப் போகும் முன் அதைத் தளம் முழுக்கத் தூவிவிட்டார் ஸ்லோகம். ராத்திரி ஏறி வந்தவர்கள் வெறுங்காலில் ஆணியை மிதித்து, அலறிக்கொண்டு தண்ணீரில் குதித்தார்கள். ஆனால் அந்த மக்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரக் குடியேறிகள் அவர்களைத் துரத்தித் துரத்தி அழித்துக்கொண்டிருந்த காலம் அது.

இதில் லாபம் வருமா?

ஃபேர்ஹேவன் ஊர்க்காரர்களின் கேள்விக்கு வழியெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போனார். உடைந்த கப்பலில் இருந்து கரை ஒதுங்கிய மாட்டுக் கொழுப்பைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றினார். ஹுவான் ஃபெர்னான்டஸ் தீவில் அந்தக் கொழுப்பில் டோனட் பொரிக்கச் சொல்லிக் கொடுத்து, கொழுப்பையும் விற்றார்! கூலியாகக் கிடைத்தவை பழங்கால நாணயங்கள். மெல்போர்னில் துறைமுக வரி கேட்டார்கள், படகைப் பார்க்க வருபவர்களிடம் ஆளுக்கு 6 பென்ஸ் வாங்கி ஈடுகட்டினார். கூட்டம் குறைந்ததும் ஒரு பெரிய சுறாவைப் பிடித்துப் போட்டு, அதைப் பார்க்கவும் 6 பென்ஸ் வசூலித்தார்.

செயின்ட் ஹெலினா தீவில் ஒருவர் ஆசையாக ஓர் ஆட்டைக் கொடுத்து ஏற்றிவிட்டார். அது கட்டுக்கயிற்றைத் தின்று, மேற்கிந்தியத் தீவுகளின் வரைபடத்தையும் தின்றுவிட்டது. அடுத்த தீவிலேயே அதை இறக்கிவிட்டார் மனுஷன்.

1898 ஜூன் 27 அன்று ரோட் தீவு மாகாணத்தின் நியூபோர்ட்டில் நங்கூரம் போட்டார். மொத்தம் 46 ஆயிரம் மைல். சில நாட்களில் ஃபேர்ஹேவனுக்கே போய், படகை முதல்முதலில் இறக்கியபோது கட்டிய அதே கம்பத்தில் கட்டினார். படகு ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. ஆஸ்திரேலியாவுக்குப் பிறகு தண்ணீர் இறைக்கும் பம்பை மாட்டவே இல்லையாம்.

1900-ல் வெளியான அவருடைய பயண நூல் நன்றாக விற்றது. 1901-ல் பஃபலோ நகரக் கண்காட்சியில் ஸ்ப்ரேயைக் காட்சிக்கு வைத்தார். 1902-ல் மார்த்தாஸ் வைன்யார்ட் தீவில் சொந்தமாக ஒரு பண்ணை.

கரையில் நிற்காத கால்

பண்ணையில் அவரால் ஒழுங்காக உட்கார முடியவில்லை. குளிர்காலம் வந்தால் ஸ்ப்ரேயை எடுத்துக்கொண்டு தெற்கே மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்விடுவார். ஹென்ரியட்டா கரையில் இருப்பார்.

1906-ல் நியூ ஜெர்சியில் ஒரு சிறுமி தொடர்பான புகாரில் ஸ்லோகம் கைதானார். பெரிய குற்றச்சாட்டு, அநாகரிகமாக நடந்துகொண்டார் என்பதாகக் குறைக்கப்பட்டது. அதை அவர் எதிர்த்து வாதாடவில்லை. 42 நாட்கள் சிறையில் இருந்தார். அவரைக் கொண்டாடும் பல எழுத்துகள் இந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவது சரியில்லை.

அந்தக் கடைசி வருடங்களில் ஸ்ப்ரேயைப் பார்த்தவர்கள், படகு பழைய மாதிரி இல்லை என்றார்கள். கயிறுகள் நைந்திருந்தன, தளத்தில் அழுக்கு, சாமான்கள் இறைந்து கிடந்தன. புழுவைத் தேடி அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்த அதே மனிதரின் படகுதான் அது. அகலமான, உள்ளுக்குள் சிமென்ட் எடை வைத்த இந்த மாதிரிப் படகு சாதாரணக் கடலில் அசையாது. ஆனால் ஒருமுறை முழுதாகக் கவிழ்ந்தால் நிமிர்வது கஷ்டம் என்று பின்னாளில் படகு வடிவமைப்பாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

தென் அமெரிக்காவின் ஓரினோகோ நதி வழியாக உள்ளே போய் அமேசானைப் பிடிப்பது அவருடைய அடுத்த திட்டம். 65 வயது. இத்தனை வருடம் கடலில் வாழ்ந்தும் ஸ்லோகமுக்கு நீச்சல் தெரியாது. அரசுப் பதிவுப்படி, 1909 நவம்பர் 14 அன்று வைன்யார்ட் ஹேவனில் இருந்து கிளம்பினார். அதன்பிறகு அவரையும் யாரும் பார்க்கவில்லை, ஸ்ப்ரேயின் ஒரு பலகையும் எங்கேயும் கரை ஒதுங்கவில்லை. பெரிய கப்பல் மோதியிருக்கலாம், புயலாக இருக்கலாம், பழைய பலகை ஒன்று விட்டுக்கொடுத்திருக்கலாம்.

ஹென்ரியட்டா காத்திருந்தார். 1924-ல்தான் ஸ்லோகம் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. இறந்த தேதியாக அவர் கிளம்பிய அந்த நாளையே எழுதிக்கொண்டார்கள்.